நாலாவது வரிசை, நாலாவது கட்டம்

எங்கள் இயக்ககத்தின் மேல் மூன்று வருடங்களாக ஒரு புகார்கூட வந்ததில்லை. நான் பெருமையடிக்கவில்லை, வரவேற்பறைச் சுவரில் பித்தளைத் தகட்டில் பொறித்தே மாட்டியிருக்கிறார்கள். எங்கள் முதன்மைச் செயலியின் பெயர் ‘பேசும் பலகை’. பக்கவாதத்தால் பேச்சை இழந்து மருத்துவமனையில் கிடப்பவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டது. பேச முடியாதவர்கள் யாரும் வந்து குறை சொல்லவில்லை என்பதற்குத்தான் அந்தத் தகடு. அதை வாரம் ஒருமுறை துடைப்பதற்கு ஓர் ஆளும் உண்டு.

பலகையை எழுதியவன் நான். திரையில் ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு ஐகான்: தண்ணீர்க் குவளை, போர்வை, விளக்கு, சுளித்த முகம், வளைந்த அம்பு. நோயாளியின் கைக்குள் ஒரு ரப்பர் பொத்தான் இருக்கும். மஞ்சள் சட்டம் ஒன்று வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். வேண்டிய வரிசை வந்ததும் பொத்தானை அழுத்தினால், சட்டம் அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்தில் இன்னொரு முறை அழுத்தினால் அதற்குரிய வாக்கியம் நர்ஸ் மேசையில் ஒலிக்கும். கட்டிலருகே ஒலிக்காது, வார்டில் சத்தம் கூடாது என்பது விதி. கட்டிலருகே சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

என் அக்காவுக்குப் பேச்சு நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வலது கையும் காலும் அப்போதே விழுந்துவிட்டன; வார்டுக்கு வருவதற்குள் இடது கையிலும் கட்டைவிரல்தான் மிச்சம். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போனாள். அதிலிருந்து அம்மா, அப்பா, தலைமையாசிரியர் எல்லாமே அக்காதான். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது வருடம் நின்றபடி வேலை பார்த்தவள். பேச்சோடு எழுத்தும் போய்விட்டது. மருத்துவர் ஒரு தாளில் அவள் பெயரையே எழுதிக் காட்டினார். எத்தனையோ லட்சம் முகவரிகளைப் படித்த கண், அதை ஏதோ கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. வாயால் சொன்னதும் புரியவில்லை, படம் காட்டினால் மட்டும் புரிந்தது.

எங்கள் இயக்ககம் ‘அ’ கட்டடத்தில். அக்காவின் வார்டு எதிரே ‘ஆ’ கட்டடத்தில், பதினாறாம் கட்டில். பலகையை அக்காவுக்குப் பொருத்தப்போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையால் செய்தது என் அக்காவுக்கு வாயாகப் போகிறது. பார்வை நேரம் நாலரையிலிருந்து ஐந்து வரை. நாலேகாலுக்கே போய் நின்றேன். நர்ஸ் சக்கரம் வைத்த கணினியைத் தள்ளிக்கொண்டு வந்து திரையைப் போட்டார்.

நாற்பத்தொன்பது கட்டங்களும் காலியாக இருந்தன.

“படமெல்லாம் எங்கேங்க?” என்றேன்.

“என்ன படம்? இது இப்படித்தாங்க இருக்கும். மூணு வருஷமா பாக்குறேன்” என்றார் நர்ஸ். முப்பத்திரண்டு கட்டில்களுக்கு ஒரே ஆளாக நின்றுகொண்டிருந்தவர்.

“அப்ப இத்தனை நாளா இதுல யாருமே எதுவும் கேக்கலையா?”

“கேப்பாங்க. சன்னலைச் சாத்துங்கன்னு கேப்பாங்க. இந்தப் பக்கம் சன்னலே கிடையாது. பாவம், புத்தி கலங்கிருக்குன்னு நெனைச்சு தலையத் தடவிக் குடுத்துட்டு வந்துருவேன்.”

தவறு என்னுடையது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் இயக்ககத்தில் இந்த வாக்கியத்தை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஐகான்களை நான் செயலிக் கோப்புக்குள் வைக்கவில்லை. என் கணினியில் தனி ஃபோல்டரில் போட்டிருந்தேன். செயலி ஓடும்போதெல்லாம் அங்கே போய்ப் படங்களை எடுத்துக்கொள்ளும். சோதனை நடந்தது என் கணினியில். ஒப்புதல் தந்ததும், விருதுக்கு ஓட்டிக் காட்டியதும் அதே கணினியில். வார்டுக் கணினிகளிலோ ‘ஒரு செயலிக்கு ஒரு கோப்பு’ என்று விதி. செயலியை மட்டும் எடுத்துப்போய் நாற்பது வார்டுகளில் வைத்துவிட்டார்கள். அது என் கணினியிலிருக்கும் ஃபோல்டரை அங்கே தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. வெறும் கட்டத்தைக் காட்டியிருக்கிறது. மூன்று வருடம்.

சரிசெய்வது ஒரு மத்தியான வேலை. நாற்பத்தொன்பது ஐகான்களையும் ஒரு பட்டியலில் எழுதி, தொகுக்கும்போதே செயலிக் கோப்புக்குள் சேர்த்துவிட வேண்டும். பிறகு கோப்பு எங்கே போனாலும் படங்களும் அதன் வயிற்றோடு போகும். மறுநாள் நாலு மணிக்கு முன்பே முடித்துவிட்டேன். ஆனால் இயக்குநரின் மின்முத்திரை விழாத எந்தக் கோப்பும் வார்டுக் கணினியில் ஓடாது. முத்திரைக்காகக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனேன்.

“மாத்தணும்னா காரணம் வேணும். காரணம்னா புகார் வேணும். இருக்கா?” என்றார்.

“நானே எழுதித் தரேன் மேடம்.”

“செஞ்சவரே புகார் குடுக்க முடியாது. பயன்படுத்துறவங்க குடுக்கணும். எழுதக்கூட வேண்டாம், நேர்ல வந்து வாயால சொன்னாப் போதும். நாங்க எழுதிக்குவோம்.”

“அவங்களால பேச முடியாது மேடம்.”

“அதுக்குத்தானே பலகை குடுத்திருக்கோம்? அதுல சொல்லச் சொல்லுங்க” என்றார் கனிவாக. அவர் நல்லவர்தான். என் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, “புகாருன்னு போடாம மேம்பாடுன்னு போடுங்க. அதுக்குக் குழு இருக்கு” என்று வழியும் காட்டினார்.

அப்படித்தான் உள்பொதிவு ஆய்வுக் குழு, அதாவது படங்களைக் கோப்புக்குள் பொதிந்து வைப்பது பற்றி ஆராயும் குழு, பிறந்தது. ஒன்பது பேர். முதல் கூட்டத்தில் இயக்குநரே தலைமை தாங்கினார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், கோபமே வராத முகம். நான் எழுந்து, படங்களை எக்ஸி ஃபைலுக்குள், அதாவது செயலிக் கோப்புக்குள், வைக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஒரு ஃபைலுக்குள்ள இன்னொரு ஃபைலை வெக்கணும்கிறீங்க. வெக்கலாம். ஆனா உள்ள போனது உள்ள இருக்கான்னு வெளியில இருக்கறவங்க எப்படிப் பாக்கறது? நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு ஃபைல்கூட இருந்த எடத்தை விட்டு நகந்ததில்லை. அந்தப் பேரைக் காப்பாத்தணும் பாருங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஓர் உறுப்பினர் செயலிக் கோப்பை ஏதோ கடிதத்தைத் திறப்பதுபோலத் திரையில் திறந்து பார்த்தார். திரை முழுக்கப் பொருளில்லாத குறிகள் ஓடின. “இதுல குவளை எங்க இருக்கு?” என்று கேட்டார். இந்தக் குறிகள்தான் குவளை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பதினாறாம் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கட்டில் தெரிந்தது.

கோப்பை அச்சடித்துச் சமர்ப்பிக்கும்படி தீர்மானம் ஆயிற்று. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள், ஒன்பது பிரதிகள். குறிகள் நிறைந்த பக்கங்கள் ஒவ்வொன்றிலும் ஒன்பது பேரும் படித்துக் கையெழுத்திட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு குறி தெளிவாக இல்லை என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். எழுநூறாம் பக்கத்தின் கருத்தோடு தாம் உடன்படவில்லை என்று இன்னொருவர் ஓரத்தில் எழுதினார். இதற்கே இரண்டு மாதம் ஆனது.

இதற்குள் அக்காவின் முதுகில் புண் வந்துவிட்டது. ஒரே பக்கமாகக் கிடந்தால் வருவது. முதலில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு சிவப்பு. பிறகு தோல் விட்டுவிட்டது. நர்ஸைக் குறை சொல்லமாட்டேன். வேளைக்கு ஒருமுறை எல்லோரையும் புரட்டிப் போட்டுவிடுவார். இடையில் வலித்தால் யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போகும். அதைத் துடைத்துக்கொள்ள இடது கை எழும்பாது, கட்டைவிரல் மட்டும் அசையும். நான் இருக்கும் அரைமணி நேரம் அட்டையில் வரைந்த படங்களைக் காட்டுவேன், கண்ணைச் சிமிட்டுவாள், வேண்டியதைச் செய்வேன். மற்ற இருபத்திமூன்றரை மணி நேரம் அவளுக்கு நாதியில்லை.

அவள் என்ன வேலை பார்த்தவள் என்பது ஒருநாள் திடீரென்று மண்டையில் உறைத்தது. பிரிப்பு நிலையத்தில் அவளுக்கு எதிரே சுவர் உயரத்துக்கு ஓர் அலமாரி இருக்கும். சின்னச் சின்ன அறைகள். ஊருக்கு ஓர் அறை. மேலே ஒட்டிய சீட்டையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. முகம் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும், கை கடிதத்தை வீசிக்கொண்டிருக்கும், ஒன்றுகூடத் தவறி விழாது. படமில்லாவிட்டால் என்ன? இடம் இருக்கிறதே!

அன்று திரையில் மஞ்சள் சட்டம் நாலாவது வரிசைக்கு வந்ததும் அவள் கட்டைவிரலை அழுத்தினேன். நாலாவது கட்டத்தில் மறுபடி அழுத்தினேன். வளைந்த அம்பு வரைந்த அட்டையைக் காட்டினேன். நர்ஸ் வந்து திருப்பிப் போட்டார். மறுபடி நாலாவது வரிசை, நாலாவது கட்டம், அட்டை. மூன்றாம் நாள் நான் வார்டுக்குள் நுழையும்போதே நர்ஸ் மேசையில் அந்தப் பெண்குரல் ஒலித்தது: “பதினாறாம் கட்டில். என்னைத் திருப்பிப் படுக்க வையுங்கள்.”

நான் கட்டிலுக்கு ஓடினேன். அக்கா என்னைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம்தான் கோணியது, ஆனால் அது சிரிப்பு. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நர்ஸும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் பதினோரு கட்டங்கள் படித்துவிட்டாள். தண்ணீர், போர்வை, விளக்கு, ‘மூச்சு முட்டுகிறது’, ‘தம்பியைக் கூப்பிடுங்கள்’. கடைசியில் சொன்னதை அவள் தேவைக்கு அதிகமாகவே பயன்படுத்தினாள். பதினேழாம் கட்டிலில் ஒரு டீச்சர் இருந்தார். அவருக்கும் பேச்சில்லை. அக்காவின் திரையையும் நர்ஸ் வந்து செய்வதையும் பார்த்துப் பார்த்து, தன் திரையில் அவரே நாலைந்து கட்டங்களைப் பழகிக்கொண்டார். புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் கட்டுவதாக மருத்துவர் சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். எல்லாரும் என் அக்காவாக முடியுமா? மற்ற முப்பத்தொன்பது வார்டுகளில் வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். குழுவை விடாமல் துரத்தினேன்.

குழு படங்களின் உள்ளடக்கத்துக்கு வந்திருந்தது. கோப்புக்குள் போனபிறகு திருத்த முடியாது என்பதால் ஒவ்வொரு படத்தையும் தீர ஆராய வேண்டும் என்றார்கள். சுளித்த முகம் கூடாது. மருத்துவமனையில் வலி இருப்பதுபோல் தோற்றம் தரும். குவளையில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது; மீதி எங்கே என்று கேள்வி வரும். நிரப்பி வரைந்து கொண்டுபோனேன். சிந்தினால் யார் பொறுப்பு என்றார்கள். போர்வை படத்தில் யாரோ அதற்குள் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்ததால் நீக்கப்பட்டது. வளைந்த அம்பைக் கண்காணிப்பாளர் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “வந்த வழியே போங்கன்னு நம்மளச் சொல்ற மாதிரி இருக்குங்க” என்றார். கழிப்பறைப் படத்தைப் பற்றிய விவாதத்தைக் குறிப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, நாற்பத்தொன்பது படங்களில் ஆட்சேபம் இல்லாமல் தேறியவை ஆறு. அவற்றையும் மறுபரிசீலனைக்கு வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் வார்டைப் பார்வையிட வந்தார். அக்கா அவர் கண்ணெதிரே நாலாவது வரிசை, நாலாவது கட்டத்தை அழுத்தினாள். குரல் ஒலித்தது. நர்ஸ் வந்தார். இயக்குநர் அசந்துபோனார்.

“படமே இல்லாம பேசுறாங்களே! செயலியை அப்பிடிச் செஞ்சிருக்கோம்” என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். “இது நட்ட நடுக் கட்டமில்ல? எங்க கை வெச்சாலும் மொதல்ல கண்ணுக்குப் படற எடம். அதுல என்ன வெச்சிருக்கீங்க? திருப்பிப் போடு. இது கட்டளை. குடிமக்கள் நம்மகிட்டப் பேசும்போது நடுவுல கட்டளை இருக்கலாமா? நன்றி எங்க இருக்கு?”

“நன்றிக்குக் கட்டம் இல்லீங்க சார்.”

“மூணு வருஷமா நன்றியே இல்லாமலா ஓடிக்கிட்டிருக்கு?” என்றார். அந்த மெல்லிய குரலில் முதல்முறையாக வருத்தம் தெரிந்தது. “நடுவுல நன்றியை வைங்க. மத்ததைத் தகுதிப்படி சுத்தி வைங்க. திருப்பறதெல்லாம் கடைசி மூலையில இருக்கட்டும்.”

“சார், இவங்க எடத்தை வெச்சுத்தான் அழுத்துறாங்க. எடம் மாறினா இவங்களுக்குத் தெரியாது.”

“அதுக்குத்தானே படத்தை உள்ள வெக்கிறோம், நீங்க கேட்டபடியே? படத்தைப் பாத்து அழுத்தட்டும்” என்று என் தோளில் தட்டினார்.

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. படம் இருந்தால் இடம் மாறினால் என்ன? நான் சன்னலுக்குப் பதில் நன்றியைச் சேர்த்து, நாற்பத்தொன்பது படங்களையும் உள்ளே வைத்து, அவர் சொன்ன வரிசையில் அடுக்கி, முத்திரைக்குக் கொடுத்தேன். எஞ்சியிருக்கும் ஆட்சேபங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இயக்குநரின் தொழில்நுட்ப உதவியாளர் சொன்னார். எதைக் கேட்டாலும் ‘ஒரு சின்ன மாத்தம்தான்’ என்பார். அதனால் எங்கள் மாடியில் அவருக்குச் சின்னமாற்றம் என்றே பெயர். இத்தனை மாதம் கழித்துக் கல்லில் நார் உரித்துவிட்டோம் என்று நான் பூரித்துப்போனேன்.

மறுநாளே எனக்குப் பயிற்சிக்கான உத்தரவு வந்தது. செயலிக் கோப்புக்குள் ஐகான்களை வைப்பது எப்படி என்று ஒன்பது நாள் கட்டாயப் பயிற்சி, வேறொரு ஊரில். இயக்ககம் இப்போது உள்பொதிவைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டதால், அதைப் பற்றிப் பயிற்சி பெறாதவர் யாரும் அந்தச் செயலியைத் தொடக் கூடாதாம். அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான். பயிற்சி கொடுத்தவர் நான் எழுதிய விளக்கக் குறிப்பைத்தான் வாசித்தார். நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருந்ததை நான் சொன்னபோது, கேள்விகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தினமும் வார்டுக்குப் போன் செய்தேன். நர்ஸ் உற்சாகமாகப் பேசினார்: “புதுசு வந்துருச்சுங்க! நீங்க கவலையே படாதீங்க. உங்க அக்கா ரொம்பத் திருப்தியா இருக்காங்க. நாள் பூரா எனக்கு நன்றி சொல்லிக்கிட்டே இருக்காங்க. எனக்கே கூச்சமாப் போச்சு. வேற எதுவும் கேக்கறதில்ல, அதனால மத்த கட்டில்களைப் பாக்க நேரம் கெடைக்குது.”

நான் அதை நம்பினேன். ஒன்பது நாளும் நம்பினேன்.

பத்தாம் நாள் நாலரைக்கு வார்டுக்குள் போனேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, கண் மட்டும் திரையில் நிலைகுத்தி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நாலாவது வரிசைக்கு வந்தது. கட்டைவிரல் அழுந்தியது. நாலாவது கட்டம். அழுந்தியது. பச்சை விளக்கு எரிந்தது. தூரத்தில் நர்ஸ் மேசையில் அந்தக் குரல் ஒலித்தது: “பதினாறாம் கட்டில். நன்றி.”

திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்பது கட்டங்களிலும் எங்கள் இயக்ககத்தின் சின்னம் இருந்தது. ஒரே சின்னம், நாற்பத்தொன்பது முறை. குழுவில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத படம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, முத்திரை போடுவதற்கு முன் சின்னமாற்றம் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறார். படங்கள் உள்ளே வைக்கப்பட்டன. விதிப்படி ஒரே கோப்பு. எல்லாம் நான் கேட்டபடி. இடம் மட்டும் மாறியிருந்தது. எதை எங்கே மாற்றினோம் என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஒன்றுகூடத் திரையில் இல்லை.

மறுபடி பச்சை விளக்கு எரிந்தது. “பதினாறாம் கட்டில். நன்றி.” கேட்டாலும் அவளுக்கு அது புரியாது. சொன்னது போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தெரியும். போய்ச் சேர்ந்தும் யாரும் வரவில்லை என்று தெரியும். ஒன்பது நாளாக அதுதான் தெரிந்திருக்கிறது.

நான் அவளைத் திருப்பினேன். புண்ணைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். “நன்றின்னு சொன்னாங்களே, நன்றின்னுதானே சொன்னாங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

அன்றே பழைய பதிப்பைத் திரும்ப வைக்கக் கேட்டு மனு கொடுத்தேன். படமுள்ள பதிப்பிலிருந்து படமில்லாத பதிப்புக்குப் போவது பின்னடைவு என்பதால் அதற்கு வேறு குழு வேண்டும் என்றார்கள். பதினோராம் நாள் அக்கா இறந்துபோனாள். புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று சான்றிதழில் எழுதினார்கள். செயலியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நாளில் நடுக் கட்டத்தை ஆயிரத்து நூற்று முப்பத்தாறு முறை அழுத்தியிருக்கிறாள்.

அந்தப் பதிவை இயக்குநரும் பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் உள்பொதிவு நிறைவு விழா நடந்தது. எல்லா வார்டுகளிலும் புதிய பதிப்பு வைக்கப்பட்டிருந்தது. அதிக நன்றி பெற்ற நர்ஸ் என்று எங்கள் நர்ஸுக்குக் கேடயம் கொடுத்து, பயிற்சிக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வேண்டாம் வேண்டாமென்று அழுததைப் பணிவு என்று பாராட்டினார்கள். இயக்குநர் பேசினார்:

“முப்பது வருஷம் தபால் சேவை செஞ்ச ஒரு அம்மா. பேச்சு போயிடுச்சு, படிப்பு போயிடுச்சு, ஒரே ஒரு விரல்தான் மிச்சம். அந்த ஒரு விரலால கடைசி ஒன்பது நாள்ல ஆயிரத்து நூத்தி முப்பத்தாறு தடவை நமக்கு நன்றி சொல்லிருக்காங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, சில நேரம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. எந்த இயக்ககத்துக்குங்க இது கெடைக்கும்? அவங்க தண்ணி கேக்கல, போர்வை கேக்கல. எதுவுமே கேக்கல. நான் அந்தப் பதிவை வாசிச்சு அழுதுட்டேன்.”

உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “எங்க அக்கா நன்றி சொல்லலைங்க. வலிக்குது, திருப்பிப் போடுங்கன்னு சொன்னா. ஆயிரத்து நூத்தி முப்பத்தாறு தடவை சொன்னா. நாமதான் அவ வாயில வேற வார்த்தைய வெச்சோம். நானும்தான் வெச்சேன்.” கூட்டம் ஒரு கணம் பார்த்தது. பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கண்காணிப்பாளர் அம்மா என்னைத் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டார். மறுநாள் கையெழுத்துக்கு வந்த விழாக் குறிப்பில், ‘பயனரின் தம்பி நெகிழ்ச்சியுடன் நன்றி கூறினார்’ என்று இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமலே செல்லும் என்றார்கள்.

குறிப்பை மேசையில் விட்டுவிட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். அக்காவின் மூக்குக்கண்ணாடியும் சீப்பும் வார்டில் தங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் மேசையில் புதிதாக ஒரு பெண். அவற்றைப் போட்டு வைத்த பையைத் தேட அலமாரிப் பக்கம் போயிருந்தார். பதினாறாம் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அங்கே பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பதினேழாம் கட்டில். நன்றி” என்றது மேசை.

நர்ஸ் பையோடு வந்தார். “அந்த டீச்சரம்மாவுக்கு ரொம்ப நல்ல மனசுங்க. நான் வந்த நாள்லேருந்து சொல்லிக்கிட்டே இருக்காங்க” என்றார் சிரித்துக்கொண்டே.

“பதினேழாம் கட்டில். நன்றி.”

நான் பையை வாங்காமல் உள்ளே போனேன். டீச்சர் மல்லாந்து கிடந்தார். கண் திரையில் இருந்தது. தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, அவரைச் சுவர்ப் பக்கமாக மெல்லத் திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகுக்குத் தலையணை வைத்து முட்டுக் கொடுத்தேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு பொத்தானை அழுத்தவில்லை.